ஒரு நாளைக்கு ஒரு சாண் சேறு

நிலத்தில் ஒரு மூலையைப் பறவைகளுக்கு விடலாம் என்று தோன்றியதும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை ஜேசிபியைக் கூப்பிடுவது. வண்டி வந்து ஆறடிக்குச் செங்குத்தாக ஒரு குழியை எடுத்துவிட்டுப் போகும். ஐப்பசியில் குழி நிரம்பும். இரண்டு முக்குளிப்பானும் ஒரு மீன்கொத்தியும் வரும், அதோடு சரி. கொக்கு இறங்காது, சேற்றில் அலகு விட்டு இரை தேடும் உள்ளான் எட்டியும் பார்க்காது. அவை நிற்க அங்கே இடமே இல்லை. அது பண்ணைக்குட்டை. பாசனத்துக்கு அருமையான ஏற்பாடுதான், ஆனால் சதுப்பு வேறு.

சதுப்பில் வேலை நடப்பது நீர் விளிம்பில். ஒரு சாண் ஆழ நீர், அதை ஒட்டிய ஈரச் சேறு, அதற்கு மேலே புல். இந்த விளிம்பு ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மேலே ஏறி, தையிலிருந்து சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் பாதி, நீரைத் தேக்குவதைப் பற்றியல்ல, இறக்குவதைப் பற்றியது.

சொந்தப் பட்டா நிலத்தில், ஒரு ஏக்கரில், செங்கல்பட்டு மாதிரியான ஏரி மாவட்டத்தில் செய்வதாக வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். ஏரிப் புறம்போக்கிலோ ஓடையிலோ கை வைக்கக் கூடாது. தோண்டிய மண்ணை அந்த நிலத்திலேயே கரைக்குப் பயன்படுத்துங்கள். வெளியே ஏற்றி அனுப்புவதானால் கனிமவள அனுமதி தேவைப்படும். இயல்பாகவே மழையில் ஈரம் தங்கி, கோரையும் நீர்முள்ளியும் தாமாக முளைக்கிற தாழ்வு உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருந்தால், அதைத் தோண்டி ‘மேம்படுத்த’ வேண்டாம். அதுவே சதுப்பு. அதைச் சும்மா விட்டாலே போதும்.

முதலில் மண்

ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா போலத் தள்ளிப் பாருங்கள். இரண்டு அங்குல நீளம் வரை அறாமல் வந்தால் களி போதுமான அளவு இருக்கிறது. அடுத்ததாக, மூன்று இடங்களில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, மாலையில் நீர் நிரப்பி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் மீண்டும் விளிம்பு வரை நிரப்பி, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்குள் இருந்தால் நல்ல நிலம். குழியின் பக்கச் சுவர்கள் அடிப்பரப்பைப் போல நான்கு மடங்கு என்பதால், பெரிய பரப்பில் கசிவு இதில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால், வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து ஓரடிக்கு இரண்டு அடுக்காகப் பரப்பி இறுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பார்த்ததும் வேறு மூலையைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

நெல் விளைந்த வயல் என்றால் பாதி வேலை முடிந்தது. வருடக்கணக்காகச் சேற்றுழவு பட்ட அடித்தட்டு நீரை விடாது. புதிய பரப்பிலும் இதையே செய்யலாம்: நாலு அங்குலம் நீர் கட்டி, கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டரை மூன்று நான்கு முறை குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் கசிவு கண்கூடாகக் குறையும்.

தார்ப்பாய் விரிக்கலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். பண்ணைக்குட்டைக்கு விரியுங்கள். இங்கே வேண்டாம். வருடா வருடம் காய்கிற இடத்தில் வெயில் அதைப் பொடியாக்கும், நண்டு கிழிக்கும், கோரைக் கிழங்கின் முனை ஊசி போலத் துளைத்து வெளியே வரும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு செ.மீ. நீர் என்றால் சுமார் 40,000 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பல ஆசைகள் தாமாகவே அடங்கிவிடும். பங்குனி வெயிலில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியாகும், அதாவது 24,000 லிட்டர், இரண்டு டேங்கர் லாரி. போர்வெல்லை ஓட்டிக் கோடையில் சதுப்பை ‘உயிரோடு வைத்திருப்பது’ மின்சாரத்தையும் நிலத்தடி நீரையும் வானத்துக்கு அனுப்பும் வேலை.

வடகிழக்குப் பருவமழை 800 மி.மீ. பெய்கிறது, ஐந்து ஏக்கர் மேட்டு நிலத்திலிருந்து வரத்து இருக்கிறது, அதில் கால்வாசி ஓடி வருகிறது என்று கொள்வோம். வரத்து மட்டும் சுமார் 40 லட்சம் லிட்டர், நம் ஏக்கரில் ஒரு மீட்டர். நேராக விழுகிற மழை இன்னொரு 80 செ.மீ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆவியும் கசிவும் சேர்ந்து நாளைக்கு 7 மி.மீ. போனால் 64 செ.மீ. கழியும். வெடித்த தரை முதலில் குடிப்பது 15, 20 செ.மீ. மிச்சம் ஒரு மீட்டருக்கு அருகில். ஆகவே நிறை மட்டத்தை, அதாவது நீர் நிறைந்து நிற்கும் உயரத்தை, நடுத்தரையிலிருந்து (சதுப்பின் நடுவிலுள்ள அடித்தரை) 90 செ.மீ. உயரத்தில் வைப்பது நியாயமான கணக்கு.

இனி இறங்குமுகம். கசிவை 3 மி.மீ. என்று வைத்தால், ஆவியையும் சேர்த்து ஜனவரியில் நாளைக்கு ஏழரை, பிப்ரவரியில் எட்டு, மார்ச்சில் ஒன்பது மி.மீ. மூன்று மாதத்தில் 73 செ.மீ. மீதி 17 செ.மீ. ஏப்ரல் நடுவில் தீரும். வலசை வந்த உள்ளான்கள் வடக்கே திரும்பும் நேரமும் ஏறக்குறைய அதுதான். பருவமழைக்குப் பழகிய ஊரில் எந்தக் குழாயையும் திறக்காமலே பாதி நிர்வாகம் நடந்துவிடுகிறது. வரத்து உங்களுக்குக் குறைவு என்றால் ஆழத்தைக் கூட்டாதீர்கள். பரப்பைச் சுருக்குங்கள்.

சரிவுதான் எல்லாமே

ஒன்றுக்கு இருபது என்ற சரிவு: 90 செ.மீ. இறங்க 18 மீட்டர் நீளம். கண்ணால் பார்த்தால் சரிவு இருப்பதே தெரியாது. ஜேசிபி ஓட்டுநருக்கு இதைப் புரியவைப்பதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி. வாயால் சொன்னால் நடக்காது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) கொண்டு ஒவ்வொரு 10 செ.மீ. மட்டத்துக்கும் முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். பக்கெட்டின் பல்லைக் கழற்றிவிட்டு மட்டமான தகடு பற்றவைத்து இழைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

இந்தச் சரிவில் நீர் 1 செ.மீ. இறங்கினால் 20 செ.மீ. அகலத்துக்குப் புதுச் சேறு வெளிப்படும். மார்ச்சில் நாளைக்கு 9 மி.மீ. என்றால் 18 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண். நேற்று வரை நீருக்கடியில் இருந்த புழு, நத்தைக்குஞ்சு, கொசுப்புழு எல்லாம் அந்த ஒரு சாணில் இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஈரம் மாறாத அந்த நாடாவில் மட்டும் உள்ளானின் அலகுத் துளைகள் தையல் போட்டது போல வரிசையாக இருக்கும். அதற்கு மேலே, முந்தாநாள் சேற்றில், ஒன்றுகூட இருக்காது. அங்கே மேல்தோல் இறுகத் தொடங்கியிருக்கும், அலகு இறங்காது.

ஆழக் கணக்கு தோராயமாக இப்படி: சின்ன உள்ளான்களுக்கு 5 செ.மீ. வரை, நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் வரை, கொக்கு, நத்தைகுத்தி, கரண்டிவாயனுக்கு 10 முதல் 25, தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்கு 10 முதல் 30 செ.மீ. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி மீன் பிடிக்க இரண்டடிக்கு மேல் வேண்டும். பரப்பில் பத்தில் ஒரு பங்கை நடுத்தரையிலிருந்து இன்னும் ஒன்றரை மீட்டர் தோண்டி மடுவாக விடுங்கள். மற்ற இடம் காய்ந்த பின் விரால், கெளுத்தி, ஆமை எல்லாம் ஒதுங்குவது அங்கேதான். மடுவின் ஒரு பக்கமாவது சாய்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கன்றுக்குட்டி விழுந்தால் ஏற முடியாது.

நடுவில் ஒரு திட்டு வேண்டுமென்றால் நிறை மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்தி, மேலே கிராவல் பரப்புங்கள். ஆள்காட்டி அதில் முட்டையிடும். சுற்றிலும் பத்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் அகழி இல்லாவிட்டால், நீர் இறங்கிய மறுநாளே நாயும் கீரியும் நடந்தே போய்விடும்.

தோண்டும்போது மேல்மண் அரை அடியைத் தனியாகக் குவித்து, கடைசியில் திரும்பப் பரப்புங்கள். விதைகள் அதில்தான் இருக்கின்றன. ‘பக்கத்து ஏரிச் சேறு ரெண்டு லோடு கொட்டுங்க, எல்லாம் முளைக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். முளைக்கும்தான், ஆகாயத்தாமரையும் சேர்ந்து.

கரை

அடியில் புல்லையும் வேரையும் வழித்தெடுத்து, கரையின் நடுக்கோட்டில் இரண்டடி அகலத்தில், களிமண் தட்டுப்படும் வரை வாய்க்கால் போலத் தோண்டி, அதில் நல்ல களியைத் திணித்து இடிக்க வேண்டும். இந்தக் களிச்சுவரைச் சேமிப்பதாக நினைத்து விட்டுவிட்ட கரைகளில், முதல் மழையிலேயே வெளியடியில் ஊற்று கிளம்பும்.

மண்ணை அரை அடி அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ரோலராலோ பாரம் ஏற்றிய டிராக்டராலோ ஆறெட்டு முறை மிதிக்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது இறுக்கம் ஆகாது, மேல்தோல் மட்டும் வழவழப்பாகும். கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உள்சரிவு ஒன்றுக்கு மூன்று, வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு, மேலகலம் ஐந்தடி. நிறை மட்டத்துக்கு மேல் கரை 60 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். மண் உட்காரும் என்பதால் கட்டும்போதே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றுங்கள்.

கரிசலில் கட்டினால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே முக்கால் அடி சிவப்புக் கிராவல் போர்த்தி அருகம்புல் பிடிக்க வையுங்கள். கரைமேல் மரம் வேண்டாம். வேர் அழுகிய வழியே நீர் போகும். ஐப்பசிக்கு முன் ஒரு நாள் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி, எலி வளை, நண்டு வளை ஒவ்வொன்றையும் வெட்டித் திறந்து களி வைத்து இடிப்பது கட்டாயம்.

குழாயும் கலங்கலும்

நீர்மட்டத்தை ஆள்வதற்கு எளிய கருவி சுழலும் குழாய். ஆறு அங்குல பிவிசி குழாயைக் கரைக்கு அடியில், நடுத்தரை மட்டத்தில் குறுக்கே பதியுங்கள். உள்முனையில் 90 டிகிரி எல்போ, அதில் 90 செ.மீ. நிமிர்ந்த குழாய். எல்போவையும் கிடைக்குழாயையும் சேர்க்கும் இடத்தில் பசை போடக் கூடாது, ரப்பர் வளையம் மட்டும். அப்போதுதான் நிமிர்ந்த குழாயைப் பக்கவாட்டில் சாய்க்க முடியும். அதன் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே நீர்மட்டம். மேல்முனையில் சங்கிலி கட்டி, கரையில் நட்ட கல்லில் கண்ணி கண்ணியாக மாட்டினால் வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். நீர் வாய்க்கு மேல் 5 செ.மீ. நின்றால் வினாடிக்கு ஒன்பது பத்து லிட்டர் போகும், அதாவது ஏக்கருக்கு நாளைக்குச் சுமார் 20 செ.மீ. நமக்குத் தேவையானதைவிட மிக அதிகம். ஆகவே ஒரு முறைக்கு ஒரு கண்ணிக்கு மேல் சாய்க்காதீர்கள்.

இந்தக் குழாய் தோற்பது குழாயால் அல்ல, அதைச் சுற்றியுள்ள மண்ணால். படுக்கையாக மணல் போடும் பழக்கம் குழாய் பதிப்பவர்களுக்கு உண்டு. இங்கே மணல் போட்டால் அதன் வழியே நீர் நூலாகக் கசிந்து, இரண்டாம் வருடம் கயிறாகி, மூன்றாம் வருடம் கரையையே கொண்டுபோகும். களியில் பதித்து, கையால் இடித்து, நடுவில் இரண்டு இடங்களில் இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் தடுப்பை, குழாய் நடுவே ஊடுருவும்படி கட்டுங்கள். வாயில் கம்பி வலைக்கூடை போடுங்கள், இல்லாவிட்டால் அல்லி இலை ஒன்று வந்து மூடிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் பகுதிக்கு பெயின்ட் அடித்தால் பிவிசி நொறுங்காது.

குழாய் வேண்டாம் என்றால் பலகை மதகு. கான்கிரீட் பெட்டியில் இரண்டு வரிசைக் காடி (பலகை செருகும் பள்ளம்), அதில் அடுக்கிய பலகைகள், இரண்டு வரிசைக்கும் நடுவில் களி. கீழ்ப்பலகைகள் 15 செ.மீ. உயரம் இருக்கலாம், மேலே உள்ளவை 5 செ.மீ. தான் இருக்க வேண்டும், நுணுக்கம் அங்கேதான் தேவை. மரம் ஊறி உப்பும் என்பதால் காடியில் ஒரு செ.மீ. இடம் விடுங்கள், ஒவ்வொரு பலகைக்கும் கொக்கி வையுங்கள். சின்னக் கசிவுக்கு மேல்பக்கத்தில் சாம்பலும் உமியும் தூவினால் நீரே இழுத்துப் போய் அடைத்துவிடும். இது ஒன்றும் இறக்குமதிச் சரக்கல்ல. நம் பழைய ஏரிகளில், உபரிநீர் வழியும் கலங்கல் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழை ஓயும் நேரத்தில் அவற்றின் இடைவெளியில் புல்லும் களியும் வைத்து அடைத்து மட்டத்தை உயர்த்துவார்கள். வெள்ளம் என்றால் பிரித்துவிடுவார்கள். அதே யோசனைதான்.

வெள்ளத்துக்குக் குழாயை நம்பவே கூடாது. தென்மாவட்டங்களில் மறுகால் என்று சொல்லும் கலங்கல் தனியாக வேண்டும். ஆறு ஏக்கர் மொத்தப் பரப்பில் மணிக்கு 100 மி.மீ. கொட்டி அதில் அறுபது சதவீதம் ஓடினால் வினாடிக்கு 400 லிட்டர். 20 செ.மீ. ஆழத்தில் ஓடி வெளியேற மூன்று மீட்டர் அகலம் தேவை, நான்கு வைத்துவிடுங்கள். அதன் மட்டம் குழாய் வாயைவிட 10 செ.மீ. மேலே. இயல்பான தரையில், கரையை விட்டு விலகி, கல் பாவி அமையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. கரைமேல் நீர் வழிந்துவிட்டால் மண்கரைக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான்.

வருடம் ஓடும் விதம்

அளவுக்கல் ஒன்று மடுவோரம் நடுங்கள், நடுத்தரை பூஜ்யம். தினமும் காலை ஒரே நேரத்தில் படித்து நோட்டில் எழுதுங்கள்.

அக்டோபரில் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம். குழாயை 30 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, புதிதாக முளைத்த கோரையும் புல்லும் தலை தூக்கத் தூக்க உயர்த்துங்கள். முழுதும் மூழ்கிய நாற்று அழுகும். நவம்பர் இறுதியில் நிறை மட்டம். இலைக்கோழியோ முக்குளிப்பானோ மிதக்கும் கூடு கட்டியிருந்தால் மட்டம் திடீரென்று ஏறக் கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் முன்பே ஒரு கண்ணி சாய்த்து வையுங்கள். மரக்கூடுகளுக்கு நேர் எதிர்: அடியில் நீர் நிற்கும் வரைதான் காவல். வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்கள் ஏரிக்குள்ளேயே நிற்பதன் பயன் இதுதான். குஞ்சு பறக்கும் முன் வடித்துவிட்டால் நாய் வந்து காத்துக்கிடக்கும்.

நீர் இறங்கும்போது அங்கங்கே தனித்துப்போகும் குட்டைகளையும் மாட்டுக்குளம்புத் தடங்களையும் கவனியுங்கள். கொசு பெருகுவது பெரிய நீரில் அல்ல, மீன் போக முடியாத இந்தக் கிண்ணங்களில்தான். ஒரு மண்வெட்டி அகலத்துக்கு ஓடை கீறி மடுவோடு இணைத்துவிட்டால் மீன் பார்த்துக்கொள்ளும்.

மே மாதத்தில் ஒரு விரற்கடை வெந்நீர் மாதிரித் தேங்கி நிற்பது மோசமான நிலை. அழுகல் சேர்ந்த சூடான நீரில் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தால் பறவைகள் கழுத்துத் தொங்கிச் சாகும். செத்த பறவையின் புழுவைத் தின்று அடுத்தது சாகும். அந்தக் கட்டத்தில் மிச்சத்தை மடுவுக்கு வடித்துத் தரையைக் காய விடுங்கள், சடலம் இருந்தால் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.

சம்பு என்ற உயரமான நீர்ப்புல் தனிக்கதை. பஞ்சு விதை காற்றில் வந்து, வெளிப்பட்ட ஈரச் சேற்றில் முளைக்கும். மெதுவாக இறக்குவது உள்ளானுக்கு நல்லது, சம்புக்கும் நல்லது, சிக்கலே அதுதான். கத்தியால் அரிந்தால் மறுபடி துளிர்க்கும். தரை காய்ந்த வேளையில் அடியோடு அறுத்து, செப்டம்பர், அக்டோபர் மழையில் தாளின் மேல் ஓரடி நீர் நிற்கும்படி குழாயை உயர்த்துங்கள். கிழங்குக்குக் காற்று போவது அந்தத் தாள் வழியாகத்தான். மூழ்கிவிட்டால் மூச்சு முட்டி அழுகும். ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவையுங்கள், நீலத்தாழைக்கோழிக்கு அது வேண்டும்.

மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால் உடனே கரையை வெட்டிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு பக்கெட்டில் கல் போட்டு, ஆழம் குறைந்த இடத்தில் விளிம்பு வெளியே தெரியும்படி வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பிக் கோடு கிழியுங்கள். மழையில்லாத மூன்று நாள் கழித்து இரண்டையும் அளங்கள். பக்கெட்டில் குறைந்தது ஆவி. வெளியே கூடுதலாகக் குறைந்தது கசிவு. நாளைக்கு 3 மி.மீ. கசிவு சகஜம். 10 மி.மீ.க்கு மேல் என்றால் முதலில் குழாயின் வெளிமுனையைப் பாருங்கள், பிறகு கரையின் வெளியடியில் சித்திரையிலும் பச்சை மாறாத புல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வளை அதற்கு நேர் உள்ளேதான் இருக்கும்.

செப்டம்பரில் குழாயை நிமிர்த்தும் முன் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, சோப்பு தடவிப் போடுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். வெடித்திருந்தால் வளையத்தை மாற்றிவிடுங்கள்.